முன்வரிசையில் இன்ஸ்பெக்டர்

நாடகம் போட்டால் நாடு திருந்துமா என்பதில் நாடகக்காரர்களுக்கே உள்ளூர ஒரு சந்தேகம் உண்டு. விடிய விடிய மதுவிலக்கு நாடகம் நடித்துவிட்டு, அலுப்புத் தீரக் கள்ளுக்கடைக்குப் போன ராஜபார்ட்டுகள் இல்லாத ஊரா இது? பார்க்க வந்தவர்களுக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. பாதிப் பேர் வந்தது பபூனுக்காக. நாடகத்தின் சக்தியைத் துளியும் சந்தேகப்படாமல், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மனமார நம்பிய ரசிகர் சர்க்கார் ஒருவர்தான். டிக்கெட் வாங்காமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு வசனம் விடாமல் கேட்டு, குறிப்பெடுத்து, கடைசியில் மேடைக்கே ஏறிவந்து நடிகரின் கையைப் பிடித்த ரசிகர். பிடித்த கையில் விலங்கு மாட்டினார் என்பது வேறு விஷயம்.

இவருக்கு நாடகப் பைத்தியம் பிடித்த ஊர் கல்கத்தா. வங்காளத்துக் குடியானவன் நெல் போடும் நல்ல நிலத்தில் 'அவுரி போடு' என்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் நெருக்கிக்கொண்டிருந்த காலம். முன்பணம் என்று கொஞ்சம் காசைக் கையில் திணித்துக் கைநாட்டு வாங்கிக்கொள்வார்கள். அப்பன் வாங்கிய அந்தக் கடன் பேரன் காலத்திலும் அடையாது. முடியாது என்றால் அடி, உதை, கிடங்கில் அடைப்பு. 1859-ல் குடியானவர்கள் பொறுத்தது போதும் என்று கிளம்பினார்கள். இதையெல்லாம் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவர் தீனபந்து மித்ரா. தபால் இலாகா உத்தியோகஸ்தர். 1860-ல் 'நீல் தர்ப்பண்' என்று ஒரு நாடகம் எழுதி டாக்காவில் அச்சிட்டார். ஆசிரியர் பெயர் போடவில்லை. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவரின் வீரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது பென்ஷனுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடும்.

நாடகம் வங்காளி மொழியிலேயே இருந்திருந்தால் துரைமார் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். ஜேம்ஸ் லாங் என்கிற பாதிரியார் அதை இங்கிலீஷில் கொண்டுவந்தார். மொழிபெயர்த்தவர் மைக்கேல் மதுசூதன் தத் என்று பொதுவாகச் சொல்வார்கள். புத்தகத்தில் அவர் பெயரும் இல்லை. ஆக, எழுதியவருக்குப் பெயரில்லை, மொழிபெயர்த்தவருக்குப் பெயரில்லை. பெயரோடு மாட்டியவர் பாதிரியார். ஆனால் வேடிக்கை அதுவல்ல. புத்தகத்தை ஊருக்கெல்லாம் அனுப்பி வைத்தது யார் தெரியுமா? வங்காள சர்க்காரின் செயலாளர் சீட்டன் கார். மகாராணியின் அரசுமுறைத் தபால் என்று முத்திரை குத்திய உறையில், தபால்தலைச் செலவில்லாமல். தபால்காரர் எழுதியதைத் தபாலிலேயே, அதுவும் ராணி கணக்கில் அனுப்பிய இந்தக் காரியத்தைத் திட்டம் போட்டுக்கூட யாரும் செய்திருக்க முடியாது.

துரைமார் கொதித்தார்கள். நாடகத்தின் முகவுரையில், இரண்டு இங்கிலீஷ் பத்திரிகைகள் ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் துரைமாருக்குத் தாளம் போடுகின்றன என்று ஒரு குத்தல் இருந்தது. மானம் போயிற்று என்று 1861-ல் வழக்கு. லாங் பாதிரியாருக்கு ஒரு மாதச் சிறை, அபராதம் ரூபாய் 1000. மானத்தின் விலை ஆயிரம் அல்ல என்று நிரூபிக்க வந்தவர்களுக்குக் கோர்ட்டு சரியாக ஆயிரம் என்று விலை போட்டுக் கொடுத்தது! காளிபிரசன்ன சிங்கா என்கிற இளைஞர் அந்தத் தொகையைக் கோர்ட்டிலேயே எண்ணி வைத்தார். அதுவரை புத்தகத்தைப் படிக்காதவர்களெல்லாம் தேடிப் படித்தார்கள். நம் ரசிகருக்கு இது முதல் பாடம். அவர் அதைக் கற்கவில்லை. இனிமேலும் கற்க மாட்டார் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

1872 டிசம்பர் 7-ஆம் தேதி கல்கத்தாவில் நேஷனல் தியேட்டர் என்ற பெயரில் சில இளைஞர்கள், ஒரு பணக்காரர் வீட்டு முற்றத்தில் மேடை கட்டி, டிக்கெட் போட்டு நாடகம் நடத்தினார்கள். அதற்கு முன் கல்கத்தாவில் நாடகம் என்றால் ஜமீன்தார் வீட்டு விசேஷம். அழைப்பிதழ் இல்லாதவன் வாசலில் நின்று வாத்தியச் சத்தம் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். இப்போது காசு கொடுத்தால் யாரும் உள்ளே வரலாம். முதல் நாடகமே 'நீல் தர்ப்பண்'. கொடுங்கோல் துரையாக அர்த்தேந்து சேகர் முஸ்தபி நடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஈசுவரசந்திர வித்யாசாகர், ஆத்திரம் தாங்காமல் செருப்பைக் கழற்றி மேடையில் வீசினாராம். அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்ட நடிகர், இதைவிடப் பெரிய பரிசு வேண்டாம் என்றாராம். நடந்ததோ இல்லையோ, வங்காளிகள் சொல்லிச் சொல்லித் தேய்த்த கதை. பண்டிதர் ஒரு காலில் மட்டும் செருப்போடு எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1875-ல் இன்னொரு குழு, கிரேட் நேஷனல் தியேட்டர், இதே நாடகத்தை லக்னோவுக்கு எடுத்துப் போயிற்று. அங்கே பார்வையாளர்களில் வெள்ளைக்காரர்கள் நிறைய. தோராப் என்கிற முரட்டுக் குடியானவன் துரையைப் புரட்டியெடுக்கும் காட்சி. சபையில் சலசலப்பு. கொஞ்ச நேரத்தில் நிஜத் துரைகள் மேடைத் துரையைக் காப்பாற்ற மேடையில் ஏறிவிட்டார்கள். மேடையில் அடிவாங்கிக்கொண்டிருந்த 'துரை' உண்மையில் வங்காளி; முகத்தில் பூசியது வெள்ளை மாவு. தங்கள் இனத்தானை மீட்க வந்தவர்கள், மாவு பூசிய ஒருவரை மீட்கப் போராடினார்கள். அந்தக் குழுவில் சின்னப் பெண்ணாக நடித்துக்கொண்டிருந்த வினோதினி தாசி பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் அந்த ராத்திரியின் நடுக்கத்தை எழுதியிருக்கிறார். குழு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. நடிப்புக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டுமா?

ஆனால் சட்டம் வந்தது இதற்காக அல்ல. சட்டம் வந்தது ஒரு குலவைக்காக.

1875 கடைசியில் இளவரசர் கல்கத்தா வந்தார். விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், பின்னாளில் ஏழாம் எட்வர்ட். யானை பார்த்தாயிற்று, வாணவேடிக்கை பார்த்தாயிற்று. இளவரசருக்கு ஓர் ஆசை: நல்ல குடும்பத்து இந்துப் பெண்களின் அந்தப்புரத்தைப் பார்க்க வேண்டும். பவானிப்பூரில் ஜகதானந்த முகர்ஜி என்கிற வக்கீல், சர்க்காருக்கு வேண்டியவர், 'நம் வீட்டுக்கு வாருங்கள்' என்று அழைத்தார். 1876 ஜனவரியில் இளவரசர் போனார். வீட்டுப் பெண்கள் சங்கு ஊதி, குலவையிட்டு வரவேற்றார்கள். அண்டை வீட்டு ஆணுக்கே முகம் காட்டாத பெண்களை அயல்நாட்டு இளவரசர் முன்னால் நிறுத்திவிட்டாரே மனுஷன் என்று கல்கத்தா முழுக்க ஒரே பேச்சு. பட்டம் கிடைக்கும் என்றால் இவர் இன்னும் என்னென்ன காட்டுவார் என்றும் பேசினார்கள். ஊர் வாய்க்கு உலைமூடி ஏது?

பிப்ரவரி 19-ஆம் தேதி கிரேட் நேஷனல் தியேட்டரில் ஒரு கேலி நாடகம் ஏறியது. பெயர் 'கஜதானந்தனும் யுவராஜனும்'. ஜகதானந்தன், கஜதானந்தன். எவ்வளவு சாமர்த்தியமான மறைப்பு பாருங்கள்! போலீஸ் உடனே தடை போட்டது. நாடகக்காரர்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள். தடை போட்ட பெயரில் மறுபடி நடத்தவில்லை. அதே நாடகத்துக்கு 'அனுமான் சரித்திரம்' என்று பெயர் வைத்து நடத்தினார்கள். பக்தி நாடகம் என்று நினைத்துக் கும்பிட வந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் கதி என்னவாயிற்றோ. அதற்கும் தடை. சரி, எங்களைத் தடுக்கும் போலீஸைப் பற்றியே போடுகிறோம் என்று அடுத்த நாடகம். போலீஸ் கமிஷனர் பெயர் சர் ஸ்டூவர்ட் ஹாக். சூப்பரின்டெண்டென்ட் பெயர் லாம்ப். கடவுள் இப்படி இரண்டு பெயரை ஒரே இலாகாவில் சேர்த்து வைத்த பிறகு நாடகாசிரியர் மூளையைக் கசக்க வேண்டியதே இல்லை. நாடகத்தின் பெயரிலேயே ஒரு பன்றியும் ஓர் ஆடும் போலீஸ் உடுப்பில் வந்து நின்றன.

இதற்குள் வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு பொறுமை இழந்துவிட்டார். பிப்ரவரி 29-ஆம் தேதி அவசரச் சட்டம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற தேதியில் நாடகத்துக்கென்று ஓர் அவசரம்! உலகத்தின் மிகப்பெரிய சாம்ராஜ்யம். சிப்பாய்க் கலகத்தை அடக்கி 20 வருஷம்கூட ஆகவில்லை. பஞ்சம், ரயில், ஆப்கானிஸ்தான் என்று தலைக்கு மேல் வேலை. எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, பீடன் தெருவில் ஒரு மரக்கொட்டகையில் நடக்கும் கூத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் பிரபு.

மார்ச் 4-ஆம் தேதி நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் உள்ளே புகுந்தது. இயக்குநர் உபேந்திரநாத் தாஸ், மேனேஜர் அமிர்தலால் போஸ், இன்னும் பலர் கைது. எந்தக் குற்றத்துக்கு? இளவரசரைக் கேலி செய்ததற்கு என்று சொல்ல சர்க்காருக்கு வெட்கம். சொன்னால், அந்தக் கேலி இளவரசரைப் பற்றியதுதான் என்று சர்க்காரே சாட்சி சொன்னதாகிவிடும். அதனால் உபேந்திரநாத்தின் 'சுரேந்திர வினோதினி' என்ற வேறொரு நாடகத்தைப் பிடித்தார்கள். அதில் வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் ஒருவன் ஒரு பெண்ணிடம் கைநீட்டுகிறான். அவள் ஜன்னல் வழியே குதித்துத் தப்புகிறாள். இது ஆபாசம் என்று வழக்கு. மாஜிஸ்திரேட் செய்ததல்ல ஆபாசம். அதை மேடையில் காட்டியது ஆபாசம். இதை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவரும் ஒரு மாஜிஸ்திரேட். உபேந்திரநாத்துக்கும் அமிர்தலாலுக்கும் ஒரு மாதச் சிறை. மேல்முறையீட்டில் ஹைகோர்ட், ஆபாசம் எதுவும் தென்படவில்லை என்று விடுதலை செய்துவிட்டது.

கோர்ட்டு கைவிட்டால் என்ன, சட்டசபை இருக்கிறதே. அந்த டிசம்பரிலேயே வந்தது 1876-ஆம் வருஷத்து 19-ஆவது சட்டம்: நாடக நிகழ்ச்சிகள் சட்டம். அவதூறானது, சர்க்கார் மேல் வெறுப்பைக் கிளப்பக்கூடியது, பார்ப்பவர் ஒழுக்கத்தைக் கெடுக்கக்கூடியது என்று சர்க்காருக்குத் தோன்றினால் போதும், தடை. மீறினால் மூன்று மாதம்வரை சிறை. நடிகருக்கு மட்டுமல்ல, கொட்டகைக்காரருக்கும். அதோடு நிற்கவில்லை: தெரிந்தே உட்கார்ந்து பார்த்தவருக்கும் தண்டனை உண்டு! நாடகம் பார்த்த பாவத்துக்கு ஜெயில் என்று எழுதி வைத்த சட்டம் இது. மோசமான நாடகம் பார்ப்பதே தண்டனைதான் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. திரை, உடுப்பு, ஜோடனைச் சாமான் எல்லாவற்றையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போகலாம். எந்த ஸ்டேஷன் மூலையில் எத்தனை ராவணன் தலைகள் தூசி பிடித்துக் கிடந்தனவோ.

இவ்வளவு கெட்டியாகச் சட்டம் கட்டியவர்கள் ஒரு மூலையில் பொத்தல் விட்டார்கள். ஜாத்ரா என்கிற வங்காளத்து நாட்டுப்புற நாடகத்துக்கும் மதத் திருவிழாக்களில் நடக்கும் அதுபோன்ற ஆட்டங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு பிரிவு. கிராமத்தில் கோயில் வாசலில் ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டிருப்பவர்களால் சாம்ராஜ்யத்துக்கு என்ன ஆபத்து என்று நினைத்திருப்பார்கள். படித்தவன் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதுதான் ஆபத்து; பாமரன் இலவசமாகப் பார்ப்பது பொழுதுபோக்கு! முப்பது வருஷம் கழித்து, வங்கப் பிரிவினை சமயத்தில், பாரிசாலைச் சேர்ந்த முகுந்த தாஸ் இந்தப் பொத்தல் வழியாக முழு உடம்பையும் நுழைத்து வெளியே வந்தார். சுதேசி ஜாத்ரா என்று பெயர். படகில் ஊர் ஊராகப் போய், புராணம் போலத் தொடங்கி, அந்நியத் துணியைக் கொளுத்து என்கிற இடத்தில் கொண்டுபோய் முடிப்பார். சர்க்கார் அலறியடித்துக்கொண்டு வேறு சட்டத்தைத் தேடி அவரை உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

மராட்டியத்தில் நடந்தது இதைவிட ருசியானது. திலகரின் 'கேசரி' பத்திரிகைக்காரர் காடில்கர் 1907-ல் 'கீசக வதம்' என்று ஒரு நாடகம் எழுதினார். மகாபாரதக் கதை, விராடன் அரண்மனையில் பாஞ்சாலியைத் தொந்தரவு செய்யும் கீசகனை பீமன் பந்தாடுகிறான். நம் ஊர்த் தெருக்கூத்துக்காரர்கள் காலங்காலமாக ஆடுவதுதான். ஒரு வசனத்தில்கூட சர்க்கார் பெயரோ, வங்கத்தைப் பிரித்த வைஸ்ராய் கர்சன் பிரபு பெயரோ கிடையாது. மூன்று வருஷம் ஓடியது. பிறகு 1910-ல் தடை. லண்டன் டைம்ஸ் பத்திரிகையின் வாலன்டைன் சிரோல் இந்த நாடகத்துக்கு எழுதிய விளக்கம் ஒரு பொக்கிஷம். கீசகன்தான் கர்சன், பாஞ்சாலிதான் பாரதம், பொறுமை பொறுமை என்கிற தருமன்தான் மிதவாதி, பீமன்தான் தீவிரவாதி என்று பாத்திரம் பாத்திரமாகப் பிரித்துக் காட்டினார். மராட்டியம் தெரியாத லண்டன் வாசகனுக்கும் அர்த்தம் விளங்கிவிட்டது. கீசகனைப் பார்த்ததும் கர்சன் ஞாபகம் வருகிறது என்று கர்சனுடைய ஆட்களே எழுதிக் கொடுத்தால் காடில்கர் என்ன செய்வார் பாவம்? 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்பதை இவ்வளவு நல்ல இங்கிலீஷில் அதற்கு முன் யாரும் எழுதியதில்லை. சில வருஷம் கழித்து சென்னையில் நடராஜ முதலியார் அதே கீசக வதத்தைப் பேசாப் படமாக எடுத்தார். ஒரு போலீஸ்காரரும் எட்டிப் பார்க்கவில்லை. பேசாத கீசகனால் ஆபத்தில்லை போலும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நம் ஊர் நாடகத்தைப் பிடிப்பதில் போலீஸுக்கு ஒரு தொழில்முறைச் சிக்கல் இருந்தது. மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை என்பதே கிடையாது. ராஜபார்ட்டை ஒரு ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னொரு ஊரிலிருந்தும், பபூனை மூன்றாவது ஊரிலிருந்தும் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். சாயங்காலம் வந்து இறங்குவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். எல்லோருக்கும் பொதுச் சொத்து சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் கதையும். மீதி அத்தனையும் அப்போதைக்கப்போது நாக்கில் வருவது. தர்க்கம் சூடு பிடித்தால் நாரதரும் வள்ளியும் விடியும்வரை விட மாட்டார்கள். கலெக்டர் ஆபீஸ், 'நாடகப் பிரதியைக் கொண்டு வா' என்று கேட்டால் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது? நடிகரின் தொண்டையைத்தான் கழற்றிக் கொடுக்க வேண்டும்.

இந்த வசதியை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டவர் விசுவநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். வள்ளி திருமணத்தில் முருகனாக வருவார். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டுவது கதையிலேயே இருக்கிறது. அதை யாரும் புதிதாகச் சேர்க்கவில்லை. அந்த இடத்தில் மதுரகவி பாஸ்கரதாஸ் தம் பாட்டில் ஒரு கொக்கைப் பறக்கவிட்டார். வெள்ளைக் கொக்கு. கடல் தாண்டி வந்தது, நம் விளைச்சலைத் தின்பது. விசுவநாததாஸ் பாட ஆரம்பித்ததும் கொட்டகை எழுந்து நிற்கும். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த போலீஸும் எழுந்து நிற்கும், வேறு காரணத்துக்காக.

கோர்ட்டில் இந்த வழக்கு எப்படிப் போயிருக்க முடியும் என்று நானாகக் கற்பனை செய்து பார்க்கிறேன்.

"கொக்கு என்று பாடினார், கனம் கோர்ட்டார் அவர்களே."

"கொக்கு தினை தின்னாதா?"

"தின்னும். ஆனால் இது அந்தக் கொக்கு இல்லை."

"எந்தக் கொக்கு?"

இன்ஸ்பெக்டர் எச்சில் விழுங்குகிறார். வெள்ளைக்கார ஜட்ஜின் முகத்தைப் பார்க்கிறார். "வந்து... கனம் கோர்ட்டார் அவர்களைப் போன்ற கொக்கு."

இப்படி ஒரு சாட்சியைச் சொல்லிவிட்டு அந்த மனிதர் பிரமோஷன் வாங்கியிருக்க முடியுமா? ஆனாலும் விசுவநாததாஸை விடவில்லை. 29 முறை சிறை சென்றார் என்பது அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் கணக்கு. உள்ளே போவார், வெளியே வருவார், மறுபடி மயில் மேல் ஏறுவார், மறுபடி அதே கொக்கை விரட்டுவார்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அதற்கு சர்க்காரைக் குறை சொல்லிப் பயனில்லை. விசுவநாததாஸ் பிறந்தது மருத்துவர் குலத்தில். முடிதிருத்துவோர் என்று ஒதுக்கிவைத்த சாதி. அவரோடு ஜோடியாக மேடையேற மாட்டோம் என்று சொன்ன நடிகைகள் இருந்தார்கள். வேலன், வேடன், விருத்தன் என்று வேஷம் மாற்றி மாற்றி முருகனே ஒரு குறத்தி வாசலில் நின்ற கதையில், முருகனின் சாதியை விசாரித்தார்கள். வெள்ளைக் கொக்கை விரட்டக் கைதட்டிய கூட்டம் இதைப் பார்த்துக்கொண்டும் இருந்தது. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில், மயில் மேல் முருகனாக இருந்தபடியே விசுவநாததாஸ் உயிர் பிரிந்தது. அன்று அவரைக் கைது செய்ய வந்தவர்கள் யாராவது இருந்திருந்தால் வெறுங்கையோடுதான் திரும்பியிருப்பார்கள்.

பெயர் மாற்றும் வித்தை கல்கத்தாவிலிருந்து இங்கேயும் வந்து சேர்ந்தது. வெ. சாமிநாத சர்மா எழுதிய 'பாணபுரத்து வீரன்' தடை செய்யப்பட்ட புத்தகம். டி.கே.எஸ். சகோதரர்கள் அதை 'தேசபக்தி' என்று பெயர் மாற்றி மேடையேற்றினார்கள். ஒளிப்பதற்காக வைத்த பெயரைப் பாருங்கள்! திருடன் தலைமறைவாக இருக்கும்போது 'திருடன்' என்று சட்டையில் எழுதிக்கொண்டு நடக்கிற துணிச்சல் இது. ஆனால் வேலை செய்தது. தடைப் பட்டியலில் இருப்பது எந்தப் பெயரோ அதைத்தான் ஏட்டய்யா தேடுவார்.

இப்படியெல்லாம் ஆடிப் பாடி வெள்ளைக்காரனை விரட்டியாயிற்று. 1947-க்குப் பிறகு இந்தச் சட்டத்தைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு நாற்காலியின் குணம் தெரியாது. தேர்தல் மேடைகளில் நாடக நடிகர்களைப் பாட வைத்துக் கூட்டம் சேர்த்த கட்சி காங்கிரஸ். சத்தியமூர்த்தி தாமே அரிதாரம் பூசி நடித்தவர். அதே கட்சியின் ஆட்சி 1954-ல் சென்னை ராஜ்யத்துக்கென்று தனியாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. பழையது போதவில்லை போலும். காரணம் ஒரே ஓர் ஆள். எம்.ஆர். ராதா.

ராதா ராமாயணத்தை மேடையேற்றினார். திருவாரூர் தங்கராசு எழுதியது. ராமாயணம் போடுகிறார் என்றதும் மற்ற ஊர்களில் பூ, பழம், கற்பூரத்தோடு வருவார்கள். ராதாவின் ராமாயணத்துக்குக் கல்லோடு வந்தார்கள். அவருடைய விளம்பர முறையும் புதுசு. இந்த நாடகத்தைப் பார்த்தால் மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வர வேண்டாம், உங்கள் காசும் எனக்கு வேண்டாம் என்று அச்சடித்துப் போட்டார். வியாபாரத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. வர வேண்டாம் என்றால் வராமல் இருக்க நாம் என்ன வேற்றுக் கிரகத்துக்காரர்களா? மனம் புண்படுபவர்களே முதலில் வந்து டிக்கெட் வாங்கி, வரிசையாக உட்கார்ந்து, முறையாகப் புண்பட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் பிரதியைக் கேட்டு வாங்குவதிலும் பயனில்லை. 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் அன்றைய பேப்பரில் வந்த செய்தியையே வசனமாக்கிப் பேசுவார். நேற்று கலெக்டர் படித்து ஒப்புதல் கொடுத்தது ஒன்று. இன்று மேடையில் கேட்பது வேறு. தடை வரும், பெயர் மாறும், மறுபடி ஏறும். புதுச் சட்டத்துக்கு மக்கள் தாங்களாகவே 'ராதா நாடகத் தடைச் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அவதூறு, ஆபாசம், மத உணர்ச்சி என்று நீட்டி முழக்கிச் சட்ட வாசகம் எழுதியவர்கள், யாரை நினைத்து எழுதினோம் என்பதை ஊர் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. கீசகனுக்கு வந்த அதே வியாதி.

ராதாவை ஆதரித்துக் கைதட்டியவர்கள் பிறகு ஆட்சிக்கு வந்தார்கள். சட்டம் போயிற்றா? போகவில்லை. 1967 வந்தது, 1977 வந்தது. கொடி மாறியது, சட்டப் புத்தகத்தில் மட்டும் யாரும் பக்கத்தைக் கிழிக்கவில்லை. வீட்டில் ஒரு பிரம்பு இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிற எண்ணம்தான். நாடகம் போடுகிறவர்கள் முன்கூட்டியே பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டார். 2013-ல்தான் சென்னை ஹைகோர்ட் அந்தச் சட்டத்தின் தடைப் பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லிச் செல்லாததாக்கியது.

மூலச் சட்டத்துக்கு ஆயுசு இன்னும் கெட்டி. இளவரசர் கேட்ட குலவைக்காகப் பிறந்த 1876 சட்டம், அந்த இளவரசர் மன்னராகி, செத்து, அவர் சாம்ராஜ்யமும் செத்து, அதற்குப் பிறகும் எழுபது வருஷம் இந்தியச் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்தது. 2017 டிசம்பரில் நாடாளுமன்றம் காலாவதியான சட்டங்களை மூட்டை கட்டியபோது, வாடகைக் குதிரைவண்டிச் சட்டத்தோடு சேர்த்து இதையும் வெளியே போட்டார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நாடகங்களைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதில் ஒரு பகுதி, நடிகர்கள் சேர்த்து வைத்ததல்ல. அவர்களுக்கு ஏது நேரம், ஏது பீரோ? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் சர்க்கார் கோப்புகளைத் தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் உட்கார்ந்து புரட்டித்தான் இந்த வரலாற்றைக் கணிசமாக மீட்டார்கள். எந்த நாடகம், எந்தப் பாட்டு, எதற்கு எரிச்சல் என்று சர்க்கார் தன் கைப்படவே குறித்து வைத்திருக்கிறது. கொசுக்கடியில் கொட்டகை ஓரம் விடிய விடிய நின்று, பாட்டைக் காதால் பிடித்துத் தாளில் இறக்கி, மேலதிகாரிக்கு இங்கிலீஷில் அர்த்தமும் எழுதிக் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத போலீஸ்காரர்களுக்கு நாடகத் துறை ஒரு கலைமாமணியாவது கொடுத்திருக்கலாம்.